நாமகிரித் தாயாரும் சிலேட்டுப் பலகையும்

"கணிதம் மூளைக்காரருக்கே வரும்" என்ற கூற்று நமது மலையகத்தில் ஒரு பழமொழியின் தகுதியைப் பெற்றுவிட்டது. பெற்றோர் சொல்கின்றனர், ஆசிரியர் சிலரும் சொல்கின்றனர், கணிதத்தோடு கணக்குத் தீர்த்துக்கொண்டு கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்த எம்மவருட் பலர் அதனைச் சற்றுப் பெருமையோடும் சொல்கின்றனர். இக்கூற்றுக்குச் சாட்சியாக அழைக்கப்படுபவர் பெரும்பாலும் சீனிவாச இராமானுசனே. ஆசிரியரின்றித் தாமே கற்றார். நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினார். அத்தகையவர் நூற்றாண்டுக்கு ஒருவரே. ஆகவே நீ முயல வேண்டாம். வாதம் இவ்வாறு முடிகிறது. இச்சாட்சியைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்தல் அவசியம்.

1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அச்சிறுவன், லோனியின் திரிகோணகணித நூலை இரவல் பெற்றுத் தானே கற்றுத் தேறினான். 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த வேறொரு நூல் கைக்கு வந்தது. காரோ கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தப்படுத்தியவர். நமது வழக்கிற் சொன்னால் ஒரு ரியூசன் மாஸ்டர். அவரது நூல் ஏறத்தாழ 5000 முடிவுகளின் அடுக்கு. நிறுவல்கள் மிகச் சொற்பம். அதாவது, நமது தனியார் வகுப்புகளில் விநியோகிக்கப்படும் குறிப்புகளுக்கு அது தூரத்து உறவு. நமது மாணவன் அத்தகைய குறிப்பை மனனஞ் செய்கிறான். இராமானுசனோ ஒவ்வொரு முடிவையும் வினாவாக மாற்றி, "இது ஏன் இவ்வாறாயிற்று?" எனத் தன் கையாலேயே வருவித்துப் பார்த்தான். வேறுபாடு நூலில் இல்லை.

தாள் வாங்கப் பணமில்லாமையாற் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் கொப்பியிற் பதிந்தார் அவர். அக்கொப்பிகளில் 3000க்கு மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றை ஆராய்ந்து புரூஸ் பெர்ண்ட் பதிப்பித்த ஐந்து தொகுதிகள் வெளிவர 1985 முதல் 1998 வரை சென்றது. கனவுக்கு இத்தனை சிலேட்டு தேவைப்படாது. அவரது பக்தி அவருக்குரியது. அதனோடு எமக்குப் பிணக்கில்லை. அவரோடு கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள் பழகிய ஹார்டி, ஏனைய கணிதர் சிந்திக்கும் முறையிலேயே இராமானுசனும் சிந்தித்தார் என்றே கருதினார். பக்திக் கதையை விரும்பும் நாம் அதனை வசதியாக மறந்துவிடுகிறோம்.

வருவித்துப் பார்த்தல் என்பது மேதையருக்கு மட்டும் உரிய வித்தையா? 1, 3, 5 என ஒற்றை எண்களைக் கூட்டிச் செல்க: 1, 4, 9, 16. யாவும் வர்க்க எண்கள். சூத்திரத்தை மனனஞ் செய்ய அரை நிமிடம் போதும். ஆனால் இறத்தோட்டையில் ஒரு லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை வைத்து, அதன் இரு பக்கமும் மூலையும் அடையுமாறு மூன்றை வைத்து, பின்னர் ஐந்தை வைத்தால், சதுரம் தானே வளர்வதைக் கண்ணாற் காணும். ஏன் என்பதும் விளங்கிவிடும். மறுநாள் அப்பிள்ளை இரட்டை எண்களை எடுக்கும்: 2, 6, 12. சதுரம் வராது, ஒரு வரிசை கூடிய செவ்வகம் வரும். இரண்டு நாளில் இரண்டு அரை மணி நேரம். இதற்கு எந்தத் தாயாரும் கனவில் வரவேண்டியதில்லை.

மாத்தளை நகருக்கு அண்மையில் உள்ளது அலுவிகாரை. வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் வடிக்கப்பட்ட இடம் அதுவென்பது மரபு. மனனத்தை எழுத்தாக்கிய அம்மண்ணிலே, எழுத்திலுள்ளதை மீண்டும் மனனமாக்கக் கட்டணம் அறவிடுகின்றன தனியார் வகுப்புகள்!

இனி மறுபக்கம். "இராமானுசனே தானாகக் கற்றான், ஆசிரியர் எதற்கு?" என்று கேட்போரும் உளர், வெற்றிடங்களை நிரப்பவேண்டிய பொறுப்புடையோருக்கு இது மிக இனிய வாதம். அவரது வரலாறு இதற்கும் இடங்கொடாது. கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையாற் புலமைப்பரிசிலை இழந்தார், எப்.ஏ. பரீட்சையில் 1906இலும் 1907இலும் தோற்றார். 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலே முதன்மை எண்களின் பரம்பல் பற்றி அவர் கொண்டிருந்த முடிவுகள் பிழையானவை. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு என்றொன்று இருப்பதை அவருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவ்வளவு பெரிய உழைப்பாளிக்கே "இது பிழை" எனச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார். தானே கற்றல் வேறு. தனியே கைவிடப்படல் வேறு.

மலையகம் கைவிடப்பட்ட வரலாறு நீண்டது. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்தன. பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு அப்பாற் செல்லவில்லை. கொழுந்து பறிக்கும் கைக்கு வகுத்தல் எதற்கென்பதே அன்றைய தத்துவம். தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர் பற்றாக்குறை தோட்டப் பகுதிகளில் இன்றும் தீரவில்லை. கணிதமோ க.பொ.த. சாதாரண தரத்திற் கட்டாய பாடம். ஆசிரியரைக் கொடாது பரீட்சையை மட்டும் கொடுத்துவிட்டு, தோற்ற பிள்ளையிடம் "உனக்கு மூளை போதாது" என்பது அநீதி. அப்பிள்ளை அதனை நம்பிவிடுவது அதனினும் பெரிய அநீதி.

பரீட்சைக்கு முன் தோட்டப் பகுதிகளுக்குக் கருத்தரங்கு நடத்தச் செல்லும் பல்கலைக்கழக மாணவராகிய நாமும் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப முடியாது. மாதிரி வினாவையும் மாதிரி விடையையும் ஒரே தாளில் அச்சிட்டு நீட்டுகிறோம். படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த முறை விடைகளை அச்சிடாது செல்வோம். பத்து வினாக்களை மாத்திரம் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகச் செய்யச் சொல்லி, ஒரு மாதத்தின் பின் எல்கடுவைக்கோ இறத்தோட்டைக்கோ மீண்டும் சென்று, அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட கொப்பிகளை அப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம்.