ஒருநாள் பொறுத்திருக்கக் கூடாதா?

லோயிஸ் வெபர் 1916இல் எடுத்த 'ஷூஸ்' என்னும் அமெரிக்க மௌனப்படத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "அந்தப் பெண் இன்னும் ஒரேயொரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" இந்தக் கேள்வியோடுதான் என் சண்டை.

ஈவா மலிவுப் பொருள்கள் விற்கும் கடையில் விற்பனைப்பெண். நாள் முழுக்க நின்றே வேலை. அவள் கூலியில்தான் பெற்றோரும் மூன்று தங்கைகளும் சாப்பிடுகிறார்கள். அப்பா படுத்தபடி மலிவு நாவல் படிக்கிறார். ஈவாவின் காலணி அடியில் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. அட்டையை வெட்டி உள்ளே வைக்கிறாள். மழையில் அது ஊறிப் பிய்ந்துபோகிறது. புதிய காலணிக்குப் பணம் கேட்கும்போதெல்லாம் குடும்பச் செலவு முந்திக்கொள்கிறது. கடைசியில் ஒரு ஜோடிக் காலணிக்காகத் தன் உடலைக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு அப்பா, தனக்கு வேலை கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு வீட்டுக்குள் நுழைகிறார்.

ஒருநாள் பொறுத்திருக்கலாமே என்பவர்களே, அவள் பொறுக்காத நாள் எது? கூலியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஈரக்காலோடு வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அவள் பொறுத்த நாள்தானே? "ஒருநாள் முன்னதாக எழுந்திருக்கக் கூடாதா?" என்று அப்பாவை ஏன் நாம் கேட்பதில்லை? "நாளெல்லாம் நிற்கும் கால்களுக்குக் காலணி வாங்குமளவுக்காவது கூலி தரக்கூடாதா?" என்று முதலாளியை ஏன் கேட்பதில்லை? பொறுமையைப் பெண்ணின் கடமையாகப் படித்து வளர்ந்த நமக்கு, பொறுமை தீர்ந்தவள்தான் குற்றவாளியாகத் தெரிகிறாள்.

இதைப் 'பெண் கெட்டுப்போன கதை' என்பவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வெபரின் கேமரா படுக்கையறைக்குள் போகவில்லை. ஈவாவின் பாதங்களிடம் போகிறது. 'கெட்டுப்போனவளை'க் கொன்று கதையை முடிக்கவும் இல்லை. தாயும் மகளும் அழுகிறார்கள், வாழ்க்கை தொடர்கிறது.

ஆனால் இந்த வலியைச் சிரிப்பாக்கவும் ஆள் இருந்தது. படத்தை வெளியிட்ட அதே யுனிவர்சல் நிறுவனம், பேசும்படம் வந்தபின் 1932இல், இதையே வெட்டிச் சுருக்கி, கேலிப் பேச்சைச் சேர்த்து நகைச்சுவைத் துண்டுப்படமாக விற்றது. ஒருகாலத்தில் அந்நிறுவனத்தின் முன்னணி இயக்குநராக இருந்த வெபர் 1939இல் வறுமையில் இறந்தார். 2014இல்தான் 'ஷூஸ்' அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

படத்தைப் பாருங்கள் தோழியரே. பார்த்தபின் அந்தக் கேள்வி உங்களுக்கும் வரலாம். வந்தால், அதை ஈவாவிடம் கேட்காதீர்கள். நாற்காலியிலும் கட்டிலிலும் சாய்ந்திருப்பவர்களிடம் கேளுங்கள்.