ஏழாவது கம்பி, எட்டாவது கம்பி

இன்னும் வெளியே வராத ஒரு ஆல்பத்தைப் பற்றி மணிக்கணக்கில் என்னதான் பேச முடியும்? வீட்டில் பதினாறு, பதினேழு வயசில் புரோக்ரெசிவ் மெட்டல் கேட்கிற பிள்ளை இருந்தால் உங்களுக்கே தெரியும். ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு போட்டோ வந்தால் போதும். கிட்டாரிஸ்ட் கையில் இருப்பது ஏழு கம்பியா எட்டு கம்பியா, பின்னால் தெரிகிற ஆம்ப் எது, பிக்கப்பை மாற்றிவிட்டாரா... ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஓடும். அப்பா பார்வையில் இது வெட்டிப் பேச்சு. அம்மா பார்வையில், அடுத்து பணம் கேட்பதற்கு இப்போதே போடும் அஸ்திவாரம்.

இந்த விஷயத்தில் நான் பிள்ளைகள் கட்சி. முழுசாக இல்லை, முக்கால்வாசி. ஏன் என்று சொல்கிறேன்.

டிரீம் தியேட்டரையே எடுத்துக்கொள்வோம். 1985-ல் பாஸ்டனில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரியில் படித்த மூன்று பேர் ஆரம்பித்த இசைக்குழு. முதலில் வைத்த பெயர் மெஜஸ்டி. அதன் கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சிக்காக மியூசிக் மேன் கம்பெனி செய்து விற்கும் கிட்டாருக்கும் இன்று அதே பெயர்தான். 1992-ல் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' வந்து பெயர் வாங்கிக் கொடுத்தது. அதில் எல்லாமே ஆறு கம்பி கிட்டார். 1994-ல் வந்த 'அவேக்' ஆல்பத்தில் பெட்ரூச்சி ஏழு கம்பி கிட்டாரை எடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதே ஆட்கள்தான், ஆனால் 'அவேக்' இருட்டான, கனமான ஆல்பம். 'த மிரர்' பாட்டின் அடித்தளமே அந்த ஏழாவது கம்பிதான்.

ஒரு கம்பி கூடினால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. சாதாரண கிட்டாரின் அடிக்கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை அதிரும். ஏழாவது கம்பி சேர்ந்தால் 62. எட்டாவதும் சேர்ந்தால் 46. பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41. அதாவது எட்டு கம்பி கிட்டார் ஏறக்குறைய பாஸ் வாசிப்பவரின் வீட்டு வாசலுக்கே போய் நிற்கிறது. அப்போது அவர் என்ன செய்வார்? இன்னும் கீழே இறங்க வேண்டும், அல்லது மேலே ஏறி வேறு வழி பார்க்க வேண்டும். டிரம்ஸின் பெரிய மேளத்துக்கும் இடம் குறைகிறது. ஒரு கம்பி கூடினால் மொத்தக் குழுவும் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

கம்பியை வெறுமனே தளர்த்திவிட்டால் வேலை முடிந்துவிடாது. தொளதொளவென்று ஆகிச் சுருதி நிற்காது. கம்பி தடிக்க வேண்டும், அல்லது கிட்டாரின் கழுத்து நீள வேண்டும். பெட்ரூச்சியின் வழக்கமான கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலம். எட்டு கம்பிக்கு 27 அங்குலமோ அதற்கு மேலோ வைப்பார்கள். அதனால்தான் போட்டோவில் கழுத்து நீளத்தை அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் நம் பிள்ளைகள். பைத்தியம் இல்லை.

இதில் அவர்கள் ஊகத்துக்கு ஆதாரமும் உண்டு. பெட்ரூச்சிக்கு மியூசிக் மேன் ஒரு எட்டு கம்பி கிட்டார் செய்து கொடுத்தது. அதை வைத்துப் பிறந்த பாட்டுதான் 2021-ல் வந்த 'எ வியூ ஃப்ரம் த டாப் ஆஃப் த வேர்ல்ட்' ஆல்பத்தில் இருக்கும் 'அவேக்கன் த மாஸ்டர்'. டிரீம் தியேட்டரின் முதல் எட்டு கம்பிப் பாட்டு. கிட்டார் முதலில் வந்தது, பாட்டு பிறகு வந்தது.

ஸ்வீடன்காரர்களான மெஷுகா கதை இன்னும் சுவாரஸ்யம். 2002-ல் 'நத்திங்' ஆல்பத்தை எட்டு கம்பி கிட்டாரில் பதிவு செய்ய நினைத்தார்கள். செய்து வந்த கிட்டார்கள் ஒத்துழைக்கவில்லை. ஏழு கம்பிக் கிட்டார்களின் சுருதியை இறக்கிச் சமாளித்தார்கள். பிறகு நல்ல எட்டு கம்பி கிட்டார்கள் கைக்கு வந்ததும் கிட்டார் பகுதிகளை மறுபடி வாசித்து 2006-ல் அதே ஆல்பத்தைத் திரும்ப வெளியிட்டார்கள். கருவி முக்கியமே இல்லை என்றால் எவன் இவ்வளவு மெனக்கெடுவான்?

மெட்டல் உதாரணம் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மேண்டலின் ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். வழக்கமான மேண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். அதில் கமகம் பேசாது, ஒலியும் நிற்காது. அவர் எலெக்ட்ரிக் மேண்டலினுக்குப் போனார், ஜோடிக் கம்பியை ஒற்றைக் கம்பி ஆக்கினார், கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பி சேர்த்தார். அந்த ஐந்தாவது கம்பியை "வெட்டிச் செலவு" என்று எந்த மாமாவும் இன்று சொல்லமாட்டார். பெட்ரூச்சியின் ஏழாவது கம்பிக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

சரி, அந்த மிச்சக் கால்வாசிக்கு வருவோம்.

கருவி எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லும். எங்கே போகப் போகிறார்கள் என்று சொல்லாது. 1999-ல் வந்த 'த டான்ஸ் ஆஃப் இடர்னிட்டி' என்று ஒரு பாட்டு. ஆறு நிமிஷத்துச் சொச்சத்தில் தாளக்கட்டு நூறு தடவைக்கு மேல் மாறும். மிருதங்கம் படித்த பிள்ளை "தகிட தகதிமி" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் பாதியில் கைவிடும். எந்த ஸ்டூடியோ போட்டோவில் இது தெரிந்திருக்கும்?

'பாராசோம்னியா' இன்னும் தெளிவான உதாரணம். டிரம்மர் மைக் போர்ட்னாய் 2010-ல் குழுவை விட்டுப் போனார். மைக் மாஞ்சினி வந்து ஐந்து ஸ்டூடியோ ஆல்பங்கள் வாசித்தார், கிராமி விருதும் கிடைத்தது. 2020-ல் பெட்ரூச்சியின் தனி ஆல்பத்தில் போர்ட்னாய் வாசித்தார். 2021-ல் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்டில் மறுபடி சேர்ந்தார்கள். 2023 அக்டோபரில் ஆள் வீடு திரும்பினார். 2025 பிப்ரவரி 7-ல் 'பாராசோம்னியா' வந்தது. அதைக் கேட்டவர்களுக்கு முதலில் உறைத்தது புது கிட்டார் இல்லை, பழைய ஆள். பதின்மூன்று வருஷம் கழித்து அதே மூன்று பேர். அடுத்த ஆல்பம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கையில் என்ன இருக்கிறது என்பதோடு, யார் யாரோடு பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, வீட்டில் நிஜமாகவே சண்டை வரும் இடம். பணம்.

மெஜஸ்டி கிட்டார் அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல். பெட்ரூச்சி பெயரில் மெசா பூகி 2016-ல் கொண்டுவந்த ஜேபி-2சி ஆம்ப் 100 வாட். 1980-களில் வந்த அதன் பழைய மார்க் மாடலின் வாரிசு. பூனாவிலோ குர்கானிலோ ஏழாவது மாடி ஃபிளாட்டில் அதை ஒரு தடவை முழுசாகத் திறந்தால் சொசைட்டி மீட்டிங் கூட்டிவிடுவார்கள். இதை வாங்கித் தரவில்லை என்று எந்த அப்பாவும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை. அதே வடிவமைப்பில் ஸ்டெர்லிங் என்ற பெயரில் குறைந்த விலைக் கிட்டார்கள் வருகின்றன. ஆம்பின் சத்தம் கம்ப்யூட்டர் மென்பொருளிலேயே வருகிறது. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன். பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டிக்கும் தூக்கம் கெடாது.

இதில் வேலைக்கு ஆகுமா என்று கேட்டால், டெல்லியைப் பாருங்கள். கேஷவ் தர் என்ற இளைஞர் வீட்டு அறையில் தனியாகப் பதிவு செய்ய ஆரம்பித்ததுதான் ஸ்கைஹார்பர் ஆனது. 2012-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் மெகாடெத்தில் இருந்த மார்ட்டி ஃபிரீட்மன் விருந்தாளியாக வந்து வாசித்தார். பாடியவர் இங்கிலாந்துக்காரர் டேனியல் டாம்ப்கின்ஸ். ஆரம்பம் என்னவோ ஒரு படுக்கையறை.

ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். பெட்ரூச்சியும் அவருடைய பள்ளித் தோழர் ஜான் மையங்கும் தினம் ஆறு மணி நேரம் சாதகம் செய்வது என்று ஒப்பந்தம் போட்டு வளர்ந்தவர்கள். அப்போது அவர்கள் கையில் அவர்கள் பெயர் போட்ட கிட்டார் எதுவும் கிடையாது.

அதனால் பெற்றோர்களுக்கு ஒரு யோசனை. பிள்ளை ஏழு கம்பி கிட்டார் கேட்டால் விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த ஏழாவது கம்பி இல்லாவிட்டால் எந்தப் பாட்டு கெட்டுப்போகும்? போட்டுக் காட்டு." பதில் வந்து, கண் விரிய ஒரு பத்து நிமிஷம் விளக்கினால், உங்கள் வீட்டில் இசை காதில் இறங்கிய ஆள் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். குறைந்த விலையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். "அவர் வச்சிருக்காரு, அதான்" என்று பதில் வந்தால் இப்போதிருக்கும் ஆறு கம்பியே இன்னும் இரண்டு வருஷத்துக்குத் தாராளம்.

எப்படியும் பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கச்சேரி சீசனுக்கு முன்னால் யார் எந்த சபாவில், பக்கவாத்தியம் யார் என்று நாமும் நம் தாத்தாக்களும் பேசாத பேச்சா?