கண் எனும் அமானிதம்

 

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையின்போது 'கறுப்புப் பூஞ்சை' எனும் மியூகோர்மைகோசிஸ் நோய் நம் நாட்டில் பெருகிற்று. ஜூன் மாத இறுதிக்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அலை ஓய்ந்தது, நோய் ஒழிந்துவிடவில்லை. நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதோரை இன்றும் அது தாக்குகிறது.

மண்ணிலும் மக்கிய பொருள்களிலும் வாழும் பூஞ்சை இது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எனவே நோயாளியை ஒதுக்குவது அநீதி. மூச்சுடன் மூக்கினுள் புகுந்து, இரத்தக் குழாய்களை அடைத்து, சதையை மடியச் செய்கிறது. மடிந்த சதையே கறுக்கிறது. மூக்கிலிருந்து கண்குழிக்கும், அங்கிருந்து மூளைக்கும் அது செல்கிறது.

கண் வெளிப்பார்வைக்குப் பெரிதும் பழுதின்றி இருக்கும்போதே உள்ளே பார்வை நரம்பு பட்டுப்போகலாம். அதனை அறிய உதவுவதே எம்.ஆர்.ஐ. பரிசோதனை. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. காந்த விசையால் படம் எடுக்கப்படுகிறது. எலும்பின் அரிப்பை சி.டி. ஸ்கேன் நன்கு காட்டும்; நரம்பையும் தசையையும் மூளையையும் எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். ஊசிவழி செலுத்தும் மருந்து, இரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் ஒளிரச் செய்யும். இரத்தம் எட்டாத, மடிந்த பகுதி இருண்டே நிற்கும். எதை அகற்றுவது, கண்ணைக் காக்க இயலுமா என்பதை முடிவு செய்ய இப்படம் மருத்துவருக்குத் துணைபுரிகிறது. நோயை உறுதி செய்வது சதைப் பரிசோதனையே.

பரிசோதனைக்குச் செல்லும் தாய்மார்கள் நகைகளையும் முக்காட்டு ஊசிகளையும் கழற்றிவிட வேண்டும். உலோகத் தாயத்து அணிந்திருப்போர் அதையும் கழற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பின், உடலுக்குள் கருவி பொருத்தப்பட்டிருப்பின், முன்னதாகவே கூறிவிட வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கறுத்த நீர், இரட்டைப் பார்வை, இமை தொங்கல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சங்கரன்கோவில் போன்ற நம் ஊர்களில், "பெருநாள் கழியட்டும், வளைகுடாவிலிருந்து மகன் வரட்டும், பிறகு திருநெல்வேலிக்குப் போகலாம்" என்று நாள் கடத்துவோர் உண்டு. இந்நோய் நாள் கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் முன்னேறும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். எனவே சிகிச்சை தேடுவது தவக்குலுக்கு முரணன்று. உயிரைக் காக்கக் கண்ணை அகற்ற நேரினும் அஞ்சித் தாமதிக்காதீர்கள். கண் அல்லாஹ் தந்த அமானிதம். உயிர் அதனினும் பெரிய அமானிதம். இரண்டையும் பேண வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.