மானியம் நம்முடையது, கணக்கும் நமக்கு வேண்டும்

எங்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் போனால் நாகப்பட்டினம் துறைமுகம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் கிளம்பியபோது, அதை ஓட்டியது மத்திய அரசின் இந்தியக் கப்பல் கழகம். ஒரு வாரத்துக்குள் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலை ஓட்டத் தொடங்கியது ஒரு தனியார் நிறுவனம். தனியார் ஓட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அரசு ஒரு வாரம்கூட ஓட்டாததை அவர்கள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டணம் கைக்கு எட்டுவதாக இருக்க இந்திய அரசு மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் உதவித்தொகை அறிவித்தது. அது மக்கள் பணம். அப்படியானால் ஆண்டுக்கு எத்தனை நாள் ஓட வேண்டும், கடல் கொந்தளித்தால் எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்ற விதிகளை யாரும் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டாமா? யாழ்ப்பாணத்தில் உறவினர் கல்யாணம், முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சீர்ப் பொருட்களைக் கட்டி வைத்துக்கொண்டு, நாளைக்குக் கப்பல் உண்டா என்று போன் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் எப்படியிருக்கும் என்று எங்கள் மீனவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வருகிற மழைக்கு ஆண்டுதோறும் திடீர் அறிவிப்பு எதற்கு? மத்திய கப்பல் துறை இந்தச் சேவைக்கான ஒப்பந்தத்தை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.