ஒரே தலைப்பு... மூன்று சூப்பர் ஹிட்!

'தி பவர் ஆஃப் லவ்' பாட்டைப் போடு என்று போனிடம் கேட்டால் எந்தப் பாட்டு வரும்? சொல்ல முடியாது! 1984, 85-ல் மட்டும் அந்தத் தலைப்பில் மூன்று பாடல்கள் சக்கைப்போடு போட்டன. மூன்றும் வேறு வேறு மெட்டு, வேறு வேறு வரிகள்.

1984 டிசம்பரில், லிவர்பூலைச் சேர்ந்த 'ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்' குழுவின் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1985 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் முதலிடம், ஹூயி லூயிஸ் குழுவின் பாட்டுக்கு. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் ஒலிப்பது இதுதான்.

அடுத்து அக்டோபரில், ஜெனிஃபர் ரஷ் பாடியது பிரிட்டனில் முதலிடம். அந்த வருடம் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் இதுவே! 1994-ல் செலின் டியான் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும் இதே பாட்டுதான். பலர் அதை அவருடைய சொந்தப் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

சண்டை வரவில்லையா? வரிகளுக்கும் மெட்டுக்கும் காப்புரிமை உண்டு. பொதுவாக, வெறும் தலைப்புக்குக் கிடையாது. யாரோ ஒருவர் 'காதலின் சக்தி' என்ற பெயரைப் பூட்டி வைத்திருந்தால், மற்ற இருவரும் வேறு பெயர் தேடி அலைந்திருப்பார்கள்.

அதனால், திருமண நாளுக்கு இந்தப் பாட்டை அனுப்புகிறவர்கள், தேடும்போது பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால் ஜெனிஃபர் ரஷ்ஷுக்குப் பதில் ஹூயி லூயிஸ் வந்து நிற்பார்!