சிபாரிசா, தலைக்காசா?

 

சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களின் கை தானாகவே மடியைத் தடவிப் பார்க்கிறது. எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம்! கூட வேலை செய்தவனைப் பற்றி நாலு வரி உண்மை எழுதித் தருவதற்கு ஒரு விலை. எழுதாமல் இழுத்தடிப்பதற்கு ஒரு 'பார்க்கலாம்'. இந்தக் கேவலத்தைப் பற்றி இன்று காரமாகவே பேசப் போகிறோம். உறைப்பு ஆகாதவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

இது நேற்று முளைத்த களை அல்ல. நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்ததே ஒரு சிபாரிசில்தான். துரையிடம் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு கங்காணி தன் ஊருக்குப் போவார். தன் உறவு, தன் சாதி, தன் தெரு என்று பார்த்து ஆள் பொறுக்குவார். 'நம்ம ஆள், நல்ல உழைப்பாளி' என்று கொண்டுவந்து நிறுத்துவார். அந்த வாய்ச்சொல்லுக்குக் கூலி உண்டு. சேர்த்துவிட்ட தலைக்கு ஒரு தரகு. பிறகு அந்தத் தலை ஒவ்வொரு நாளும் பெரட்டுக்கு வந்து வேலைக்குப் போனால் அதற்கொரு தலைக்காசு. ஆகவே, அவன் வேறு தோட்டத்துக்குப் போவது கங்காணிக்கு நஷ்டம். நஷ்டப்பட எந்தக் கங்காணி சம்மதிப்பான்? 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. கப்பலில் ஆள் ஏற்றும் கங்காணியின் வியாபாரம் அத்தோடு படுத்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு இன்னொரு பெயர்: துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போகத் துண்டு வேண்டும். அதில் அந்தத் தொழிலாளி கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி என்றா எழுதியிருக்கும்? இல்லை. இன்ன தொகை கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். மாட்டுச் சந்தைச் சீட்டுக்கும் அதற்கும் என்ன பேதம்? 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

சட்டம் ஒழித்தது, புத்தி ஒழிந்ததா?

நம் வட்டாரத்தின் நிலை நமக்குத் தெரியும். பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அன்று தொடங்கிய செம்பனை, பால்மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மிச்சத்தை வீடமைப்புத் திட்டங்கள் தின்கின்றன. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் தோட்டம் கைமாறும் செய்தி வரும்போதெல்லாம் லயத்தில் ஒரே கேள்விதான்: அடுத்து எங்கே? பிள்ளைகள் ரவாங் பக்கம் கார்த் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். நாற்பது தாண்டிய தாயும் தகப்பனும் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் விண்ணப்பம் எழுதுகிறார்கள். 'இதற்குமுன் என்ன வேலை பார்த்தீர்கள்? அதற்குக் கடிதம் உண்டா?' என்று அங்கே கேட்கிறார்கள்.

கடிதம் எங்கே? ஆபீஸ் கிராணியின் 'பார்க்கலா'மில்!

ஒரு தோட்டத்துக் கதை நம் காதுக்கு வந்தது. பத்தொன்பது வருஷம் மரம் வெட்டிய ஒரு தாய் ஆபீஸ் படிக்கட்டில் நின்று கேட்டார்: 'கிராணி ஐயா, ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க.' 'நாளைக்கு வாம்மா.' நாளை, மறுநாள், அடுத்த சம்பள நாள் என்று மூன்று வாரம் நடந்தார். கடைசியில் மண்டோர் ஒருவர் வந்து, 'சும்மா வருமா? முதல் மாசச் சம்பளத்தில் பாதி' என்று காதைக் கடித்தாராம். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. நாம் கேட்கிறோம்: இந்த மண்டோர் கங்காணியின் பேரனா? தலைக்காசு இன்னும் ஓடுகிறதா? உரிமம் இல்லாமல் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதைத் தொழிலாக நடத்துவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மண்டோர்மார் இதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

கிராணி நண்பர்களே, உங்கள் பதில் நமக்குத் தெரியும். 'கம்பெனித் தாளில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை, மானேஜர் கோபிப்பார்.' சரி. கம்பெனித் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில், 'இவருடன் ஒரே தோட்டத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தேன், எனக்குத் தெரிந்தது இது' என்று உங்கள் பெயரில் எழுத எந்த மானேஜரின் உத்தரவு வேண்டும்? கம்பெனிக் கடிதம்தான் வேண்டுமென்றால் நகலை நீங்களே எழுதி, கையெழுத்துக்கு மேசையில் வையுங்கள். மானேஜர் மறுத்தால் மறுத்தது அவர்; மறைத்தது நீங்கள் என்ற பேராவது வராது.

'ஞாபகமில்லை' என்றும் சிலர் சொல்கிறார்கள். நல்ல வேடிக்கை! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி தொழிலாளர் பதிவேட்டு விவரங்கள் ஆறு வருஷத்துக்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். வந்த நாள், வராத நாள், வாங்கிய சம்பளம் எல்லாம் நம் கையெழுத்திலேயே இருக்கிறது. பழைய வருஷங்களுக்குச் சேமநிதிக் கணக்கு இருக்கிறது.

தோட்டம் மூடினால் 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி நஷ்டஈடு உண்டு. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். அது வருஷத்தை எண்ணுகிறது, கைத்திறனை எண்ணுகிறதா? விடியுமுன் தலைவிளக்குடன் நிரையில் இறங்கி, ஒரே வெட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பட்டையை மட்டும் சீவி, உள்ளே மரத்துக்குக் காயம் படாமல் உளியை நிறுத்துவது விளையாட்டா? கொஞ்சம் ஆழமாகப் போனால் புதுப் பட்டை முடிச்சுமுடிச்சாக வளரும். மேலாகப் போனால் பால் இறங்காது. நூற்றுக்கணக்கான மரங்களில், வெயில் ஏறுமுன், வருஷக்கணக்காக இதைச் செய்த கைக்கு, 'எந்த அனுபவமும் இல்லை' என்று விண்ணப்பத்தில் கோடு போடுகிறார்கள். மலாய் மொழியில் நாலு வரி இதை விளக்கி எழுதினால் தொழிற்சாலைக்காரனுக்குப் புரியாதா? நேரத்துக்கு வருபவர், கூர்மையான கருவியைக் கவனமாகப் பிடிப்பவர், மேற்பார்வை இல்லாமலே வேலையை முடிப்பவர். இதை எழுத இலக்கணப் புலமை வேண்டாம்; மனம் வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது சம்பள உயர்வு மட்டுமல்ல. துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கொடுமை செய்யும் அதிகாரிகளை நீக்கிவிட்டுத் தமிழ் படித்தவர்களை ஆபீஸில் வையுங்கள் என்றும் கேட்டார்கள். ஆர். எச். நாதன் கைதானார், துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அவர்கள் கேட்ட அந்த நாற்காலியில்தான் தமிழ்ப் பள்ளியில் படித்த நாம் இன்று உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலிக்கு விலை கொடுத்தவர்களின் பேத்தி படிக்கட்டில் நிற்கிறாள்!

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம் கேளுங்கள். சாதிக்காரர் என்றோ மைத்துனர் என்றோ போகாதீர்கள். எந்த வேலை, எந்த இடம், எந்தத் தேதிக்குள் என்பதை எழுதிக் கொடுங்கள். அவர் எழுத விரும்பாவிட்டால் 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்லச் சொல்லுங்கள். வேறொருவரிடம் போக உங்களுக்கு நாள் மிஞ்சும். கோழியும் புட்டியும் கொண்டு போகாதீர்கள். பொய் எழுதவும் சொல்லாதீர்கள். டிராக்டரைத் தொடாதவனை டிரைவர் என்று எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தால், அதே தோட்டத்திலிருந்து அடுத்துப் போகும் உண்மையான டிரைவரின் கடிதமும் குப்பைக்கூடைக்குப் போகிறது.

சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். தோட்டம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ, நஷ்டஈட்டுப் பணத்தோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் வேலைச் சான்றிதழ் கொடுக்கப்பட வேண்டும்: பார்த்த வேலை, பார்த்த வருஷம், தெரிந்த தொழில். கேட்காமலே, காசில்லாமலே. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை மேசைமேல் வைக்கும்படி ஒவ்வொரு கிளையும் தீர்மானம் அனுப்பட்டும். அதுவரை, கடிதம் கேட்டு அலைகிறவர்கள் பெயரையும் கேட்ட தேதியையும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். காசு கேட்டவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.