தூண்டிலுக்கும் முறை வேண்டும்

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டுகளில், அரும்பாவூர், லாடபுரம், வெண்பாவூர், துறைமங்கலம் என்று ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பத் தொடங்கியதும் கலிங்குகளில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 73 ஏரிகள் உள்ளன. ஊராட்சிகளின் குளங்களும் குட்டைகளும் தனிக்கணக்கு. அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. பச்சைமலையிலிருந்து இறங்கும் மருதையாறு இரண்டு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. இவ்வளவு நீர்ப்பரப்பு இருந்தாலும் மீன் கடிக்கும் இடங்கள் சிலவே: கலிங்கின் கீழ்ப் பள்ளம், மதகின் வாய், தடுப்பணையின் அடி, பாலத் தூணின் ஓரம். எல்லோருக்கும் வேண்டியது அந்த நாலு இடம்தான்.

தகராறு அங்கேதான் பிறக்கிறது. விடியலில் மூங்கில் கழியோடு வந்து, மண்புழு கோத்து, தக்கையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். எட்டு மணிக்கு இரு சக்கர வாகனத்தில் வந்த இளைஞர்கள் அவருக்கு இரண்டு பக்கமும் ரீல் தூண்டில் வீசுகிறார்கள். நரம்புகள் சிக்குகின்றன. சிக்கை எடுப்பதற்குள் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து தக்கை மிதக்கும் இடத்திலேயே வீச்சு வலையை விரிக்கிறார். அதன் பிறகு அன்றைக்கு அங்கே யாருக்கும் மீன் இல்லை. வார்த்தை முற்றுகிறது, ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வி எழுகிறது. மீன் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாக மாற அந்த ஒரு கேள்வி போதும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுவது சரியல்ல. தூண்டில் போடுவோரில் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள் உண்டு. அன்றைய குழம்புக்காக வருகிற கூலித் தொழிலாளிகளும் உண்டு. வேலை இல்லாத மழைநாளில் நாலு கெண்டையும் ஒரு கெளுத்தியும் கிடைத்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய உதவி. பொது நீரில் பலம் உள்ளவன் வலை விரிப்பான், மற்றவன் ஒதுங்குவான் என்ற நிலை வந்தால், முதலில் ஒதுங்க வேண்டியவர்கள் முதியவர்களும் பெண்களும் சிறுவர்களும் ஏழைகளும்தான். ஆகவே கரையில் நடந்துகொள்ளும் முறையை அவரவர் நல்ல குணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் ஊர் கூடி எழுதி வைக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராம சபைகள் இந்த ஆண்டே அதைச் செய்ய வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஊத்தா, கச்சா, அரிவலை எல்லாம் எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கரையில் வந்து நிற்பார்கள். கண் முன்னே மீன் துள்ளும். ஆனாலும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் நனைப்பதில்லை. துண்டு வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். உள்ளூர், வெளியூர் பேதம் இல்லை. பிடித்த மீனைப் பல ஊர்களில் விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைத்து உறவினரோடு சாப்பிடுகிறார்கள். அவ்வளவு நெரிசலிலும் அடிதடி அரிது. காரணம், எப்போது இறங்கலாம், எதைக் கொண்டு பிடிக்கலாம், பிடித்ததை என்ன செய்யலாம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் இவ்வளவு ஒழுங்காக இருக்கத் தெரிந்த மக்களுக்கு மற்ற நாட்களில் முடியாது என்று சொல்வதை ஏற்க முடியாது.

பாசனத்திலும் இதே பழக்கம்தான். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவதும், முறை தவறாமல் மடை திறந்து மூடுவதை நீர்கட்டியிடம் ஒப்படைப்பதும் ஏரிப் பாசனம் உள்ள ஊர்களுக்குப் பாட்டன் காலத்து வழக்கம். ஏரி மீன் வருவாய்கூடப் பொதுச் சொத்தாகவே இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற மீன் குத்தகை வருவாய் பேசப்படுகிறது. அந்தப் பணம் ஏரியைப் பராமரிக்கவும் செலவானது. முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே சோழகங்கத்தை வெட்டுவித்த மண் இது. நீரைப் பங்கிட்ட ஊர்கள் நீருக்குள் இருப்பதை மட்டும் முந்துகிறவனுக்கே என்று எப்படி விட்டன?

எழுத வேண்டிய விதிகள் மிகக் குறைவு. முதலில் வந்தவர் இடம் அவருடையது. அடுத்தவர் அவருடைய தக்கைக்கு எதிரே வீசக் கூடாது. பக்கத்தில் உட்கார விரும்பினால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், இரண்டு தூண்டில் கழி அளவாவது தள்ளி உட்கார வேண்டும். ‘அண்ணே, இங்க போடலாமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் இடம் பிடித்தவருக்கும் கடமை உண்டு. கல்லில் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துகொண்டு அந்த இடம் தன்னுடையது என்பது நியாயமில்லை. ஒருவரே ஐந்தாறு தூண்டிலை வரிசையாக ஊன்றிக் கரையை அடைப்பதும் அப்படித்தான். கூட்ட நாட்களில் ஆளுக்கு இரண்டு தூண்டில் போதும். தூண்டில் போடுகிற கரைப் பகுதியில் வலை வீசக் கூடாது. வலைக்கு வேறு பகுதி. ஒருவருக்குப் பெரிய மீன் மாட்டி அது ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டி வழிவிட வேண்டும். படித்துறையில் பெண்கள் துணி துவைக்கும் நேரத்தில் அங்கே தூண்டிலுக்கு வேலையே இல்லை.

வெளிநாட்டு ஆறுகளில் சால்மன் மீன் பிடிப்போரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல மடு ஒன்றில் பத்துப் பேர் நின்றால், ஒருவர் வீசிவிட்டு ஓரடி கீழ்நோக்கி நகர்வார். அடுத்தவர் அவருக்குப் பின்னால் மேலிருந்து நுழைவார். கடைசி வரை போனவர் மீண்டும் வரிசையின் தலைக்கு வருவார். மடு முழுவதும் எல்லோருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். அணைக்கரையில் கீழணையை ஒட்டியோ மருதையாற்றின் தடுப்பணைகளிலோ இதை அப்படியே செய்ய முடியாமல் போகலாம். ஆனால் நல்ல இடத்தில் ஒரு மணி நேரம் போட்டவர் எழுந்து காத்திருப்பவருக்கு விடுவது எந்த ஆற்றிலும் முடியும்.

கலிங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏரி நிரம்பி வழியும்போது கீழே ஓடும் தண்ணீரை எதிர்த்து மீன்கள் கூட்டமாக ஏறி வருகின்றன. அவற்றில் பல சினை மீன்கள். நாட்டுக் கெண்டை, கெளுத்தி, குரவை போன்றவை மழை வெள்ளத்தின் புதுத் தண்ணீரை நம்பித்தான் இனம் பெருக்குகின்றன. ஏறுகிற மீனைக் கலிங்கின் குறுக்கே வலை கட்டி மொத்தமாக அள்ளுவது ஒரே இரவில் மூட்டை மூட்டையாக மீன் தரும். அடுத்த ஆண்டு அந்த ஓடையில் தூண்டில் போடுகிற நூறு பேரின் பங்கு அந்த மூட்டைக்குள் போய்விடும். கரையில் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டும் மரியாதை அடுத்த ஆண்டு அங்கே வந்து நிற்கப் போகிறவருக்கும் உரியது. கடலுக்கு இந்த நியாயம் ஏற்கெனவே உண்டு: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இங்கிலாந்தின் ஆறுகளில் தூண்டில்காரர்களுக்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை விடுமுறை. நம் ஊர் கலிங்குக்கு மூன்று மாதம் வேண்டாம். ஏரி வழியத் தொடங்கிய முதல் ஒரு வாரம் குறுக்கு வலை கட்டுவதில்லை என்று ஊர் முடிவு செய்தாலே பெரிய மாற்றம் வரும்.

விராலுக்கும் இது பொருந்தும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் வரும்போது அடியில் தாயும் தந்தையும் காவலுக்கு நிற்கும். அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது எளிது. குஞ்சுத் திரளுக்கு மேல் இரையை ஆட்டினால் சீறிக் கவ்வும். அதைப் பிடித்தால் காவலற்ற குஞ்சுகளைக் கொக்கும் மற்ற மீன்களும் தீர்த்துவிடும். ஒரு நாள் குழம்புக்காக ஒரு திரளையே அழிப்பதை இளைஞர்கள் வீரமாகக் காணொளி எடுத்துப் போடுவது வருத்தம் தருகிறது.

வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின் கீழேயே குற்றம். மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்கள் தங்கள் உயிரையும் தண்ணீரில் இறங்கும் மற்றவர்கள் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்கள். இவற்றைச் செய்வோரிடம் மரியாதை பற்றிப் பேசிப் பயனில்லை; கண்ட உடனே காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

கொள்ளிடத்தில் கரையோர நாகரிகம் உயிர் காக்கும் விஷயமும்கூட. அணைக்கரைப் பகுதியிலும் அதற்குக் கீழேயும் ஆற்றில் முதலைகள் வாழ்கின்றன. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கின்றன. மேலே தண்ணீர் திறந்துவிட்டால் முழங்கால் அளவு ஓடிய இடம் சிறிது நேரத்தில் ஆளை இழுக்கும். அரியலூரைச் சுற்றிக் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தேங்கிய நீர் இன்னும் ஆபத்தானது. செங்குத்தான விளிம்பு, ஆழம் தெரியாத அடி. அங்கே மீன் இருக்கிறது என்று கூட்டிப் போகிறவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. ஆற்றில் எந்தப் பக்கம் பள்ளம், எங்கே முதலை தென்பட்டது என்பதைப் புதிதாக வந்தவரிடம் முதலில் சொல்ல வேண்டியவர் அங்கே வழக்கமாகத் தூண்டில் போடுகிறவர்தான். இடம் பறிபோகும் என்று அந்தத் தகவலை மறைப்பது மன்னிக்க முடியாதது.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டுப் போவதும் சாதாரணமாக நடக்கிறது. மட்காத நைலான் கண்ணி நாரையின் காலிலும் ஆட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்கிறது. 2024 ஜனவரியில் ராம்சர் தகுதி பெற்ற கரைவெட்டி ஏரி 453 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே மேட்டூர்த் தண்ணீர் பெறும் அந்த ஏரிக்குப் பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வருகின்றன. அது பறவைகள் சரணாலயம். வனத்துறையின் அனுமதியின்றி அங்கே தூண்டில் போட யாருக்கும் உரிமையில்லை. சுற்றியுள்ள ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் அதே பறவைகள்தான் இரை தேடுகின்றன. நரம்பையும் முள்ளையும் இரை கட்டிவந்த பாலித்தீனையும் வந்த பையிலேயே திருப்பி எடுத்துப் போக வேண்டும் என்பதை எழுதிவைக்கும் விதிகளோடு சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் யார் கேட்பார்கள் என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏரி நிரம்பும் பருவத்துக்கு முன்னால் அக்டோபர் 2 வருகிறது. ஏரியின் எந்தக் கரை தூண்டிலுக்கு, எந்தக் கரை வலைக்கு, ஆளுக்கு எத்தனை தூண்டில், கலிங்கில் எத்தனை நாள் ஓய்வு என்பதை அன்றே தீர்மானமாக்கி, கலிங்குச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவிடலாம். உள்ளூர்க்காரருக்கு ஒரு விதி, வெளியூர்க்காரருக்கு ஒரு விதி என்று மட்டும் எழுதக் கூடாது. சாதி பார்த்து, தெரு பார்த்துக் கரையைப் பிரிக்கும் எந்தத் தீர்மானமும் செல்லாது. மாவட்ட நிர்வாகம் அதைக் கண்காணிக்க வேண்டும்.

மிஞ்சியிருப்பது குத்தகைதாரரின் வாதம். அது வலுவானது. பணம் கட்டி ஏலம் எடுத்து, குஞ்சு வாங்கி விட்டு, இரவு காவல் காத்து வளர்ப்பவருக்கு, கரை நெடுகத் தூண்டில்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் தேங்கிய ஏரி நீரில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஏரியில் அவை இருந்தால் பெரும்பாலும் யாரோ காசு கொடுத்து விட்டவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு போவது அவருடைய உழைப்பை எடுப்பதுதான். ஆனால் கெண்டை, கெளுத்தி, விரால், குரவை போன்றவை ஏரியிலேயே பிறந்து வளர்பவை; ஏலம் நடப்பதற்குத் தலைமுறைகள் முன்பிருந்தே ஊர்ச் சிறுவர்கள் அவற்றுக்குத் தூண்டில் போட்டு வந்தவர்கள். இன்றைய ஏல நிபந்தனைகளில் இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கலாம். நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் ஊராட்சிகளும் அடுத்த ஏலத்தை அறிவிக்கும்போதே, குறிப்பிட்ட நீளக் கரையில் ஒற்றை முள் தூண்டிலுக்கு ஊர் மக்களுக்கு அனுமதி உண்டு, வளர்ப்பு மீன் மாட்டினால் அதை நீரில் திரும்ப விட வேண்டும், பிடித்ததை விற்கக் கூடாது என்று ஏல நிபந்தனையில் சேர்த்துவிட்டால், ஏலம் கேட்பவர் அதைக் கணக்கில் வைத்தே தொகை சொல்வார். ஏலம் முடிந்த பிறகு கரையில் நின்று சண்டை போடுவதற்கு இரு தரப்புக்கும் அப்போது காரணம் இராது.